உமிழ்வுச் செறிவு குறைந்துவிட்டது. இந்தியாவின் புகை குறைந்துவிட்டதா?

கேள்வி, 3 ஆகஸ்ட் 2025

2005ஆம் ஆண்டுக்கும் 2020ஆம் ஆண்டுக்கும் இடையில் இந்தியாவின் உமிழ்வுச் செறிவு 36 சதவீதம் குறைந்திருக்கிறது. மின் நிறுவுதிறனில், அதாவது எல்லா மின் நிலையங்களும் முழு அளவில் ஓடினால் தரக்கூடிய திறனில் பாதி, இந்த ஜூன் மாதத்தோடு நிலக்கரியோ எரிவாயுவோ அல்லாத மூலங்களுக்கு வந்துவிட்டது. 2030க்கு வைத்த இலக்கை ஐந்து ஆண்டு முன்னதாகவே எட்டியிருக்கிறோம். ஆகவே பொருளாதார வளர்ச்சியையும் புகையையும் இந்தியா பிரித்துக் காட்டிவிட்டது என்று சொல்வதில் என்ன தவறு?

3 ஆகஸ்ட் 2025, இரவு

இரண்டு எண்களும் சரியானவை. அவற்றிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. செறிவு என்பது ஒரு ரூபாய் மதிப்புள்ள உற்பத்திக்கு எவ்வளவு புகை வெளியாகிறது என்ற கணக்கு. அது குறைந்துகொண்டே இருக்கும்போது மொத்தப் புகை கூடிக்கொண்டே போக முடியும், போயும் இருக்கிறது. ஐ.நா.வுக்கு இந்திய அரசே கொடுத்த கணக்கின்படி, காடுகளும் நிலமும் உள்ளிழுப்பதைச் சேர்க்காமல், 2010இல் வெளியான பசுமைக்குடில் வாயுக்கள் 213.7 கோடி டன் கரியமில வாயுவுக்குச் சமம். 2016இல் அது 283.9 கோடி டன், 2019இல் 313.2 கோடி டன்.

36 சதவீதத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பகிர்ந்தால் ஆண்டுக்கு 2.4 சதவீதம் வருகிறது. பொருளாதாரம் ஆண்டுக்கு 6.5 சதவீதம் வளர்வதாக வைத்துக்கொண்டால், மொத்த உமிழ்வு ஆண்டுக்கு 3.9 சதவீதம் கூடும். பதினெட்டு ஆண்டுகளில் இருமடங்காகும். இதைப் பிரிந்துவிட்டது என்று சொல்ல முடியாது. வளர்ச்சி வேகமாகவும் புகை சற்று மெதுவாகவும் ஒரே திசையில்தான் போய்க்கொண்டிருக்கின்றன.

4 ஆகஸ்ட் 2025

நேற்றைய கணக்கில் பிழை இருக்கிறது. 36ஐ 15ஆல் வகுத்தது தவறு. கூட்டு விகிதத்தில்தான் போட வேண்டும். அப்படிப் போட்டால் செறிவு ஆண்டுக்கு ஏறக்குறைய 2.9 சதவீதம் குறைந்திருக்கிறது. மொத்த உமிழ்வின் வளர்ச்சி 3.4 சதவீதமாகிறது, இருமடங்காக இருபத்தோரு ஆண்டுகள் ஆகும். முடிவு மாறவில்லை என்றாலும், பிறருடைய முடிவைத் திருத்த வந்தவன் தன் எண்ணைச் சரியாகப் போட்டிருக்க வேண்டும்.

கவனிக்க வேண்டிய எண் இன்னொன்று. 6.5 சதவீத வளர்ச்சியோடு மொத்தப் புகை கூடாமல் நிற்க வேண்டுமானால், செறிவு ஆண்டுதோறும் 6 சதவீதத்துக்குச் சற்று மேலாகக் குறைந்தாக வேண்டும். கடந்த பதினைந்து ஆண்டுகளில் நாம் சாதித்த வேகத்தைப்போல இருமடங்கு அது. குறைக்க அல்ல, நிறுத்தவே அவ்வளவு.

5 ஆகஸ்ட் 2025

2020 ஊரடங்கு ஆண்டாயிற்றே, அதை இறுதி ஆண்டாக வைத்தால் கணக்கு சாயாதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நியாயமான ஐயம். 2019 வரை மட்டும் எடுத்தால் செறிவு 33 சதவீதம் குறைந்திருக்கிறது, அதாவது ஆண்டுக்கு 2.8 சதவீதம். பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் மொத்தத்தில் வேறுபாடு உண்டு: 2020இல் உமிழ்வு 295.9 கோடி டன்னாக இறங்கியது. பிள்ளைகளைத் தோளில் சுமந்துகொண்டு நெடுஞ்சாலைகளில் ஊர் திரும்பிய தொழிலாளர்கள்தான் அந்த இறக்கத்தின் விலை. உமிழ்வு குறைவதற்கு எது வழியில்லை என்று எவரேனும் கேட்டால், நான் அந்த ஆண்டைத்தான் காட்டுவேன்.

6 ஆகஸ்ட் 2025

நிறுவுதிறன் பற்றிய பகுதிக்கு வருகிறேன். இதில் எனக்கு நேரடி அனுபவம் உண்டு என்பதால் சற்று நீளமாக எழுதுகிறேன்.

நான் இருபத்தாறு ஆண்டுகள் கடலோர அனல் மின் நிலையம் ஒன்றில் கொதிகலன் பிரிவில் வேலை பார்த்தவன். ஒடிசாவின் தால்ச்சர் சுரங்கங்களிலிருந்து ரயிலில் பாராதீப் துறைமுகத்துக்கும் அங்கிருந்து கப்பலில் எங்களுக்கும் வந்த நிலக்கரியில், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சாம்பல். 210 மெகாவாட் அலகு ஒன்று முழு லோடில் ஓடினால் ஒரு நாளைக்கு மூவாயிரத்து எழுநூறு டன் வரை கேட்கும். ஒரு ரேக், அதாவது ஒரு முழுச் சரக்கு ரயில் நிலக்கரி ஒரே நாளில் தீர்ந்துபோகும். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு முக்கால் கிலோ நிலக்கரி, அதிலிருந்து சுமார் ஒரு கிலோ கரியமில வாயு என்பது எங்கள் கைக்கணக்கு.

ஓய்வுக்குப் பின் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்குப் பக்கத்தில் குடியிருக்கிறேன். இப்போது ஆடிக் காற்று. முப்பந்தல் வழியே வண்டியில் போனால் இருபுறமும் காற்றாலைகள் முழு வேகத்தில் சுற்றுகின்றன, பார்க்க மனம் நிறைகிறது. ஆனால் ஐப்பசியில் இதே சாலையில் வந்தால் பெரும்பாலானவை அசையாமல் நிற்கும். ஒரு மெகாவாட் நிலக்கரி அலகு ஓராண்டில் ஏறக்குறைய 60 லட்சம் யூனிட் கொடுக்கும். ஒரு மெகாவாட் சூரிய மின் பலகைகள் 16 லட்சம் யூனிட் கொடுத்தால் நல்ல விளைச்சல். நிறுவுதிறனில் இரண்டுமே ஒரு மெகாவாட் என்றுதான் எழுதப்படும். எனவேதான் திறனில் பாதி தூயதாக இருக்கும் நாட்டில், உண்மையில் உற்பத்தியாகும் மின்சாரத்தில் நான்கில் மூன்று பங்குக்கு அருகில் இன்னமும் நிலக்கரியிலிருந்து வருகிறது. 2024–25இல் நாட்டின் நிலக்கரி உற்பத்தி முதன்முறையாக 100 கோடி டன்னைத் தாண்டியது. ஒரே ஆண்டின் இந்த இரு செய்திகளும் ஒன்றையொன்று மறுப்பவை அல்ல.

மாலை ஏழு மணிதான் உண்மையான சோதனை. பகலில் சூரிய மின்சாரம் வந்து சேரும்போது அனல் நிலையங்களின் லோடைக் குறைக்கச் சொல்வார்கள். பழைய அலகுகளை 55 சதவீதத்துக்குக் கீழே இறக்குவது எளிதன்று. தீச்சுவாலை நிலைகுலையும், எண்ணெய் ஊற்றித் தாங்க வேண்டி வரும், குழாய்கள் விரிந்து சுருங்கி விரிசல் காணும். அணைத்துவிட்டால் மாலைக்குள் மீண்டும் ஏற்ற முடியாது. ஆகவே மாலைத் தேவைக்காகவே நடுப்பகலிலும் அதை உயிரோடு வைத்திருக்கிறோம். இந்த முடிச்சை அவிழ்ப்பது சேமிப்பு. கோவை மாவட்டத்துக் காடம்பாறையில் 400 மெகாவாட் நீரேற்று மின் நிலையம் 1980களிலிருந்தே இருக்கிறது. மின்சாரம் மிகும்போது தண்ணீரை மேலே ஏற்றி, தேவைப்படும்போது கீழே விட்டு மின்சாரம் எடுக்கும் ஏற்பாடு அது. அப்படிப்பட்டவற்றை அடுத்த நாற்பது ஆண்டுகளில் நாம் போதிய அளவு கட்டவில்லை என்பது என் ஆழ்ந்த வருத்தம்.

7 ஆகஸ்ட் 2025

முக்கால் கிலோ நிலக்கரி எரிந்து ஒரு கிலோ வாயு எப்படி வரும், எடை கூடுமா என்று கேட்டிருக்கிறார்கள். கூடும். எங்களுக்கு வந்த நிலக்கரியில் கரிப்பொருள் ஏறக்குறைய 37 சதவீதம். மீதி சாம்பலும் ஈரமும் பிறவும். ஒவ்வொரு 12 கிராம் கரியும் காற்றிலிருந்து 32 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொண்டு 44 கிராம் கரியமில வாயுவாகிறது. 750 கிராமில் 37 சதவீதம் 278 கிராம். அதை 44ஆல் பெருக்கி 12ஆல் வகுத்தால் ஆயிரத்துக்குச் சற்று மேல் வரும்.

11 ஆகஸ்ட் 2025

வேறொரு நண்பர் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்திருக்கிறார். வளர்ச்சியே வேண்டாம், இருப்பதைக் கொண்டு வாழலாம் என்கிறார். இதற்கு நான் உடன்பட மாட்டேன்.

என் தாயார் நாற்பது ஆண்டுகள் விறகடுப்பில் சமைத்தார். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி அவருடைய கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கும். இருமல் அவரை இறுதிவரை விடவில்லை. அந்த அடுப்பின் புகையை நாட்டின் உமிழ்வுப் பட்டியலில் தேடினால் ஒரு மூலையில் கிடைக்கும், அவருடைய நுரையீரல் எந்தப் பட்டியலிலும் இல்லை. 2016இல் உஜ்வாலா திட்டம் தொடங்கிப் பத்துக் கோடிக்கு மேற்பட்ட வீடுகளுக்கு எரிவாயு இணைப்பு போனது. எரிவாயுவும் புதைபடிவ எரிபொருள்தான். அதனால் உமிழ்வு கூடுகிறது என்று எவரேனும் குறை சொன்னால், அவரை ஒரு வாரம் விறகடுப்பின் முன் உட்காரச் சொல்வேன். இந்திரா காந்தி 1972இல் ஸ்டாக்ஹோமில் வறுமையே மிகப் பெரிய மாசு என்று சொன்னது இதைத்தான்.

2012 நினைவிருக்கிறதா? சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு. கோவையில் என் மைத்துனர் வைத்திருந்த லேத் பட்டறையில் டீசல் ஜெனரேட்டர் ஓடியது. ஒரு லிட்டருக்கு மூன்று யூனிட்டுக்குச் சற்று மேல் கிடைக்கும். புகை நிலக்கரியைவிடக் கொஞ்சமே குறைவு, செலவோ மூன்று மடங்கு. இரண்டு தொழிலாளிகளை அவர் நிறுத்த நேர்ந்தது. மின்சாரம் இல்லாததால் புகை குறையவில்லை, பிழைப்புதான் குறைந்தது.

ஆனால் சராசரியின் பின்னால் எல்லோரும் ஒளிந்துகொள்வதையும் ஏற்க மாட்டேன். ஓர் இந்தியருக்கு ஆண்டுக்கு 2 டன் கரியமில வாயு அளவில் வருகிறது, அமெரிக்கருக்கு அதைப்போல ஏழு மடங்குக்குக் குறையாது. உண்மைதான், உலக மேடையில் அதைச் சொல்லும் உரிமையும் நமக்கு உண்டு. உள்ளே திரும்பிப் பார்த்தால், மாதம் 60 யூனிட் செலவழிக்கும் கிராமத்து வீடு ஒன்றின் பங்கு 43 கிலோ, இந்திய மின்கட்டமைப்பின் சராசரி யூனிட்டுக்கு 0.72 கிலோ என்பதால். சென்னையில் என் மகன் வீட்டுப் படுக்கையறையின் குளிர்சாதனம் ஓர் இரவுக்கு 8 யூனிட் எடுக்கிறது. எட்டே இரவுகளில் அந்த ஒரு கருவி அந்தக் கிராமத்து வீட்டின் முழு மாதத்தைத் தாண்டிவிடுகிறது. இருவரையும் கூட்டி இரண்டால் வகுத்து, இருவரும் குறைவாகவே உமிழ்கிறார்கள் என்று சொல்வது அந்தக் கிராமத்து வீட்டின் பெயரை இரவல் வாங்குவதாகும்.

12 ஆகஸ்ட் 2025

இந்திரா காந்தியின் வாசகத்தை நேற்று பலரும் சொல்வதுபோலவே நானும் சொல்லிவிட்டேன். உரையின் வாசகம் வேறு. வறுமையும் தேவையும் அல்லவா மிகப் பெரிய மாசுபடுத்துவோர் என்று அவர் கேள்வியாகக் கேட்டார். அடுத்து, காட்டைச் சார்ந்து வாழும் பழங்குடி மக்களின் அன்றாடத் தேவைகளை நிறைவேற்ற வழிசெய்யாமல், உணவுக்காகக் காட்டைத் துழாவுவதிலிருந்து அவர்களைத் தடுக்க முடியாது என்று விளக்கினார். ஏழைகள் மீது பழி சுமத்தும் வாசகமாக அது சுருக்கப்பட்டது. அந்தச் சுருக்கத்தை நான் பரப்பியிருக்கக் கூடாது.

20 ஆகஸ்ட் 2025

எல்லோரும் மின்சாரத்தையே பேசுகிறோம். மொத்த உமிழ்வில் மின் உற்பத்தியின் பங்கு 39 சதவீதம் அளவில்தான். வளர்ச்சி என்பதன் உடல் சிமென்டும் இரும்பும். இரண்டிலுமே உலக உற்பத்தியில் இந்தியா இரண்டாம் இடத்தில் இருக்கிறது.

ஆயிரம் சதுர அடியில் ஒரு கான்கிரீட் வீடு கட்டுவதாக வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் 400 மூட்டை, அதாவது 20 டன். கம்பி 4 டன் என்பது மேஸ்திரிகள் போடும் கணக்கு. டன்னுக்கு ஏறக்குறைய 600 கிலோ என்றால் சிமென்டில் மட்டும் 12 டன் கரியமில வாயு. இந்திய எஃகுக்கு டன்னுக்கு 2.5 டன் என்றால் இன்னொரு 10 டன். ஒருவர் சராசரியாகப் பத்தாண்டுகளில் உமிழ்வதை அவருடைய வீடு நிற்பதற்கு முன்பே உமிழ்ந்துவிடுகிறது. ஆயினும் கூரை ஒழுகும் வீட்டில் இருப்பவரிடம் கட்டாதே என்று சொல்ல எவருக்கும் வாய் வராது.

சிமென்டின் சிக்கல் எரிபொருளோடு முடிவதில்லை. சூளையைச் சூரிய வெப்பத்தாலேயே சூடாக்கினாலும், ஒரு டன் தூய சுண்ணாம்புக்கல் சுட்டால் 440 கிலோ கரியமில வாயு கல்லிலிருந்தே கிளம்பும். அதைக் குறைக்கும் வழி, சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுக் கிடைக்கும் கிளிங்கர் என்ற கட்டிகளின் அளவைக் குறைத்து வேறு பொருளைச் சேர்ப்பது. எங்கள் நிலையத்தின் சாம்பல் லாரி லாரியாகச் சிமென்ட் ஆலைகளுக்குப் போனது இதற்காகத்தான். 35 சதவீதம் வரை உலர்சாம்பல் சேர்க்க இந்தியத் தரநிர்ணயம் இடம் கொடுக்கிறது. நிலக்கரி எரிப்பது குறையும் நாளில் இந்தச் சாம்பலும் குறையும் என்பதையும் இப்போதே எண்ணிப் பார்க்க வேண்டும். எஃகில் நம் நாட்டு எண் உலகச் சராசரியான 1.9 டன்னைவிடக் கூடுதலாக இருப்பதற்கு, நிலக்கரியைக் கொண்டு பஞ்சிரும்பு (எஃகுக்கு மூலப்பொருளாகும், துளைகள் நிறைந்த இரும்பு) செய்யும் சிறு உலைகளும் ஒரு காரணம்.

31 ஆகஸ்ட் 2025

நெல் வயலின் மீத்தேனைப் பற்றி ஏன் வாய் திறக்கவில்லை என்று டெல்டாக்காரர் ஒருவர் கேட்கிறார். என் தந்தையும் திருவாரூர்ப் பக்கம் நான்கு மா நிலத்தில் நெல் பயிரிட்டவர் என்பதால் கேள்வி என்னைத் தைத்தது.

மொத்த உமிழ்வில் வேளாண்மையின் பங்கு 13.7 சதவீதம், அதில் பெரும்பகுதி கால்நடைகளின் செரிமானம், அடுத்து நெல்வயல். தண்ணீர் தேங்கிய மண்ணுக்குள் காற்று புகாததால் நுண்ணுயிர்கள் மீத்தேனை உண்டாக்குகின்றன. நூறாண்டுக் கணக்கில் ஒரு டன் மீத்தேன் 28 டன் கரியமில வாயுவுக்கு ஈடு. இதற்கு மாற்றாக வேளாண் துறையினர் சொல்வதற்குத் தமிழில் ஏற்கெனவே அழகான பெயர் இருக்கிறது: காய்ச்சலும் பாய்ச்சலும். வயலில் துளையிட்ட குழாய் ஒன்றைப் பதித்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்டிமீட்டர் இறங்கிய பின் மறுபடி தண்ணீர் விடுவது. மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை குறையும்.

என் முதல் எண்ணம், உணவுக்கான உமிழ்வைத் தொடவே கூடாது என்பதாக இருந்தது. இதை எழுதும்போது மனம் மாறுகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாகப் பயிரிட்டால் தண்ணீரும் மிச்சமாகும், பம்புசெட் ஓடும் நேரமும் குறையும். விளைச்சல் பெரிதாக விழுவதில்லை. தடையாக இருப்பது அச்சம். ஆற்றில் முறை வைத்துத் தண்ணீர் விடும் காலத்தில், வருகிற தண்ணீரை உடனே தேக்கிக்கொள்ளாத விவசாயிக்கு அடுத்த முறை கிடைக்கும் என்ற உறுதி யார் கொடுப்பார்? என் தந்தை ஒரு நாளும் வயலைக் காயவிட்டதில்லை. அதை அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது. வாய்க்காலின் மேல் நம்பிக்கை வந்த பிறகுதான் அவரைப் போன்றவர் குழாயைப் பதிப்பார்.

24 செப்டம்பர் 2025

முந்தாநாள் நடைமுறைக்கு வந்த சரக்கு சேவை வரி மாற்றத்தில் நிலக்கரியைப் பற்றிய பகுதி பலர் கண்ணில் படவில்லை. வரலாறு இப்படி: 2010இல் டன்னுக்கு 50 ரூபாய் தூய ஆற்றல் மேல்வரி விதித்தார்கள். 2014இல் 100, 2015இல் 200, 2016இல் 400. கரிக்கு விலை வைத்த முன்னோடி நாடுகளில் ஒன்றாக அப்போது நம்மைச் சொன்னார்கள். 2017இல் அந்தப் பணம் மாநிலங்களின் வரி இழப்பை ஈடுகட்டத் திருப்பப்பட்டது. இப்போது அந்த 400 ரூபாயும் போய், வரி விகிதம் 5 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாக ஆகியிருக்கிறது.

பார்த்தால் வரி கூடியதுபோலத் தோன்றும். ஆனால் 400 ரூபாய் எடைக்கு விதித்த வரி. சாம்பல் மிகுந்த மலிவான நிலக்கரிக்கு அது கனமான சுமை. 18 சதவீதம் விலைக்கு விதித்த வரி. மலிவான நிலக்கரிக்குச் சுமை குறைந்துவிட்டது. மின் நிலையங்களில் எரிவது பெரும்பாலும் அந்தத் தரம்தான். மின் கட்டணம் தணியலாம் என்பதை நான் மறுக்கவில்லை. எனினும் சூரிய மின்சாரத்துக்குச் சேமிப்பைக் கட்ட வேண்டிய நேரத்தில், எரியும் டன்னுக்கு என்றிருந்த ஒரே நேரடி விலையை எடுத்துவிட்டோம். 2023இல் அறிவித்த கரிம வரவு வணிகத் திட்டம், அதாவது இலக்குக்கும் குறைவாக உமிழும் ஆலைகள் அந்த மிச்சத்தைப் பிறருக்கு விற்கும் ஏற்பாடு, இந்த இடத்தை நிரப்பும் என்கிறார்கள். மின் உற்பத்தி அதற்குள் வராதவரை நிரப்பாது என்பது என் கருத்து.

5 அக்டோபர் 2025

முதல் கேள்வியைக் கேட்ட நண்பர் திரும்பி வந்திருக்கிறார். இவ்வாண்டின் முதல் ஆறு மாதங்களில் நிலக்கரி மின்சாரம் சென்ற ஆண்டைவிடக் குறைந்திருக்கிறது, ஊரடங்கும் இல்லை, பொருளாதாரமும் சரியவில்லை, இப்போது என்ன சொல்கிறீர்கள் என்று கேட்கிறார்.

வானிலை என்று சொல்லிவிடத்தான் முதலில் கை போனது. 2024இல் கோடை கொளுத்தியது. மே 30 அன்று தேவை 250 ஜிகாவாட்டைத் தொட்டது. இவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை மே 24ஆம் தேதியே கேரளத்தில் இறங்கிவிட்டது, குளிர்சாதனங்கள் அடங்கிப்போயின. ஆனால் தேவை மெதுவாக வளர்ந்தது மட்டும் போதாது. வளர்ந்த சிறு அளவையும் தாண்டிப் புதிய சூரிய, காற்று, நீர் மின்சாரம் வந்ததால்தான் நிலக்கரி பின்வாங்கியது. பத்தாண்டுக்கு முன் இப்படியொரு குளிர்ந்த கோடை வந்திருந்தால் நிலக்கரியின் வளர்ச்சி சற்றுத் தளர்ந்திருக்கும், அவ்வளவே. ஆகவே ஆகஸ்ட் 3 அன்று நான் எழுதியதில் ஒரு திருத்தம்: இரண்டும் ஒரே திசையில் போகின்றன என்று பொதுவாகச் சொல்லிவிட்டேன். மின்சாரத்தைப் பொறுத்தவரை, ஆண்டுதோறும் கூடும் தேவையைத் தூய மூலங்களே ஏறக்குறைய நிறைவுசெய்யும் விளிம்புக்கு வந்திருக்கிறோம். சிமென்டிலும் எஃகிலும் அந்த விளிம்பு இன்னும் கண்ணுக்குத் தெரியவில்லை.

6 அக்டோபர் 2025

எந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்ற கடைசிக் கேள்விக்கு: செறிவையும் நிறுவுதிறனையும் பார்க்க மாட்டேன். ஓர் ஆண்டில் கூடிய மொத்த யூனிட் எவ்வளவு, அதில் நிலக்கரியின் பங்கு எவ்வளவு என்பதைத்தான் பார்ப்பேன். மத்திய மின்சார ஆணையம் மாதாமாதம் வெளியிடும் உற்பத்தி அறிக்கையில் இரண்டும் இருக்கின்றன. அடுத்த ஆண்டு கோடை வழக்கம்போலக் கொளுத்தினால், ஏப்ரல், மே மாதங்களின் எண்களை 2024இன் அதே மாதங்களோடு பக்கத்தில் வைத்து இங்கே எழுதுகிறேன்.